வெறுங்கையும் காணிக்கைத் தட்டும்

(அன்பியக் கூட்டங்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

காணிக்கை எடுக்கத் தொடங்கியதும் கோவிலின் பின்வரிசையிலிருந்து மெல்ல எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பவர்களை நாம் பல பங்குகளில் கண்டிருக்கிறோம். தட்டு தங்கள் இடத்தைக் கடந்துபோன பின்னரே அவர்கள் திரும்பி வந்து முழந்தாளிடுகிறார்கள். இவர்கள் பக்தி குறைந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் இடம்பெயர்ந்து வந்த கமக்காரர்கள். சொந்த ஊரிலே அருவி வெட்டி, சூடு மிதித்து, முதல் மூடையைக் கோவிலுக்கு ஏற்றி அனுப்பிவிட்டே மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள். இன்று குத்தகைக் காணியிலோ நாட்கூலிக்கோ நிற்கிறார்கள். ஏன் வெளியே போகிறீர்கள் என்று கேட்டால், "சுவாமி, வெறுங்கையோட இருக்கக் கூச்சமாக் கிடக்குது" என்பதே பதில்.

இந்தக் கூச்சத்தைப் பற்றியதே இப்பாடம். காணிக்கை என்று தலைப்பிட்டால், சுவாமிமார் காசு கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுத்து வாசியுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டுப் புறப்பட்டவர்களுக்கும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் நடந்தவர்களுக்கும், 2007இல் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்களுக்கும், கடவுளுக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி ஏட்டுக் கேள்வி அன்று.

நிலத்தை இழந்தவனின் முதற்பலன்

முதற்பலன் கொடுக்கும் சட்டத்தை இணைச்சட்டம் நூலின் 26ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். விளைந்ததில் முதலாவதைக் கூடையில் வைத்து ஆண்டவரின் இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அச்சட்டம். ஆனால் அது எப்படித் தொடங்குகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. ஆண்டவர் தரும் நாட்டிலே நீ குடியேறிய பின்னர் என்றே அது தொடங்குகிறது. நிலம் கையில் வந்த பின்னரே முதற்பலன் கடமையாகிறது. நிலமில்லாதவனிடம் கடவுள் முதற்பலன் கேட்கவில்லை. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

கூடையைக் கொண்டுவந்தவன் அங்கே சொல்லவேண்டிய அறிக்கை ஒன்றும் உண்டு. தன் மூதாதை நிலையான இடமின்றி அலைந்து திரிந்தவன் என்பதிலிருந்தே அவன் தொடங்கவேண்டும். வயலும் வரம்பும் உள்ளவன்கூட, தான் அலைந்தவனின் பிள்ளை என்று ஆண்டவர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட பின்னரே கூடையை வைக்கலாம். அதன்பின் அந்தக் கூடையைச் சுற்றி லேவியரும் அந்நியரும் சேர்ந்து மகிழவேண்டும் என்கிறது சட்டம். நிலமுள்ள ஊரவர்கள் இந்த அதிகாரத்தைத் தங்கள் வீட்டிலே ஒருமுறை உரத்து வாசிப்பது நல்லது.

அப்படியானால் அலைந்து திரிந்த காலத்தில் அம்மக்கள் எதையுமே கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். விடுதலைப் பயண நூலின் 35ஆம், 36ஆம் அதிகாரங்கள் முழுவதும் அந்தக் கதைதான். பாலைவனத்தில் கூடாரத்தில் இருந்தவர்கள், எகிப்தைவிட்டு வரும்போது கையோடு கொண்டுவந்தவற்றிலிருந்து மனமுவந்து கொடுத்தார்கள். பொருள் கொடுத்தவர் பொருள் கொடுத்தார். ஆட்டு மயிரை நூலாக நூற்றுக் கொடுத்த பெண்களும் இருந்தார்கள். வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் சேர்ந்துவிட்டது என்று கைவினைஞர் வந்து முறையிட, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளையம் முழுவதும் அறிவிக்கச் செய்தார். காணிக்கை போதும், நிறுத்துங்கள் என்று அறிவித்த ஒரு தலைவரை நாம் நமது கொடியேற்றக் காலங்களில் இன்னும் கண்டதில்லை.

ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத தாய் இரு புறாக்களைக் கொடுக்கலாம் என்பதும் சட்டம்தான். பாவப் பரிகாரப் பலிக்குப் புறாவுக்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவந்தால் போதும் என்று லேவியர் 5ஆம் அதிகாரம் இன்னும் கீழே இறங்கி வருகிறது. மரியாவும் யோசேப்பும் குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவந்தபோது கொடுத்தது ஏழைகளின் காணிக்கையையே என்பதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். திருக்குடும்பமே குறைந்த கட்டணத்தில் உள்ளே போன குடும்பம். அதற்காக அவர்கள் வெளியே மரத்தடியில் நிற்கவில்லை.

கைம்பெண்ணின் இரண்டு காசு

காணிக்கை ஞாயிறுகளில் நாம் அதிகம் கேட்பது ஏழைக் கைம்பெண்ணின் கதை. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அவள் போட்டது இரண்டு சிறு செப்புக்காசுகள். அன்றைய நாணயக் கணக்கின்படி அது ஒரு கூலியாளின் நாட்கூலியில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. நாட்கூலி 2000 ரூபா என்றால் ஏறக்குறைய 31 ரூபா. அவளிடம் இருந்ததெல்லாம் அவ்வளவே.

இக்கதையைச் சொல்லி "நீங்களும் உள்ளதெல்லாம் போடுங்கள்" என்று ஏழைகளிடம் கேட்பது எமக்கு உடன்பாடில்லை. ஏனெனில் இயேசு அவளைப் புகழ்வதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னரே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட செபம் சொல்லும் மறைநூல் அறிஞரைக் கண்டிக்கிறார். அவளைப் புகழ்ந்து முடித்ததும், அந்தக் கோவிலில் கல்லின்மேல் கல் இராதபடி இடிபடும் என்கிறார். நடுவிலே நிற்கிறாள் அந்தப் பெண். அவளுடைய கை பெரியது. அந்தக் காசை வாங்கிய பெட்டி நீதியானதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

மாசிதோனியாவிலிருந்து எருசலேமுக்கு

எமது நிலைமைக்கு மிகக் கிட்டிய பாடம் புனித பவுல் திரட்டிய நிதியிலேதான் இருக்கிறது. கி.பி. 50களின் நடுப்பகுதியில் எருசலேம் திருச்சபையின் ஏழைகளுக்காக அவர் பல ஊர்த் திருச்சபைகளில் காணிக்கை சேர்த்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கிளவுதியு மன்னர் காலத்தில் பஞ்சம் ஏற்பட்டபோது, அந்தியோக்கியாவின் சீடர்கள் தத்தம் வசதிக்கேற்ப உதவி அனுப்பியதைத் திருத்தூதர் பணிகள் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுல் அதைத் தொடர்ந்து பெரிதாக்கினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம், 9ஆம் அதிகாரங்கள் இரண்டும் இதற்கென்றே எழுதப்பட்டவை.

அங்கே அவர் முன்மாதிரியாகக் காட்டுவது வசதி படைத்தவர்களை அல்ல. பிலிப்பி, தெசலோனிக்கா முதலிய மாசிதோனியத் திருச்சபைகளைக் காட்டுகிறார். அவர்கள் கடுந்துன்பத்திலும் மிகுந்த வறுமையிலும் இருந்தவர்கள். பவுல் அவர்களிடம் கேட்கத் தயங்கியிருக்கவேண்டும் என்றே தோன்றுகிறது. அவர்களே வந்து, எங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்டார்கள். இந்த இடத்தைச் சற்று நின்று யோசியுங்கள். நிவாரணம் பெறவேண்டிய நிலையில் உள்ளவர்கள், கொடுப்பவர்களின் வரிசையில் தங்களுக்கும் ஓரிடம் கேட்கிறார்கள். எப்பொழுதும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டே இருப்பது மனிதனை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பது முகாம்களில் அட்டையோடு நின்றவர்களுக்கு விளங்கும். கொடுக்கும் உரிமை பறிபோவதும் ஓர் இழப்புத்தான். நட்டஈட்டுப் படிவங்களில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இந்த நிதியைக் குறிக்கப் பவுல் வரி என்றோ கட்டணம் என்றோ சொல்லவில்லை. கிரேக்க மொழியில் 'காரிஸ்', அதாவது அருள் என்கிறார். 'கொயினோனியா', அதாவது பங்குகொள்ளுதல் என்கிறார். உள்ளதற்கு ஏற்பக் கொடுத்தால் போதும், இல்லாததிலிருந்து கொடுக்கவேண்டியதில்லை என்று தெளிவாக எழுதுகிறார். மற்றவர் சுமை குறைவதற்காக நீங்கள் துன்பப்படவேண்டும் என்பது தம் நோக்கமல்ல, சமநிலையே நோக்கம் என்கிறார். இன்று உங்களிடம் மிகுதியாக உள்ளது அவர்கள் குறையை நீக்கட்டும். நாளை அவர்களிடம் உள்ளது உங்கள் குறையை நீக்கும். எமது ஊர்களில் நெல் விதைக்கும்போது கைமாறாக ஆள் கொடுப்பதுபோல.

திரட்டிய முறையும் கவனிக்கத்தக்கது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப வீட்டிலே எடுத்துவைக்கவேண்டும், தாம் வந்து நிற்கும்போது நிதி திரட்டவேண்டாம் என்று முதலாம் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். பேசுகிறவரின் முகத்துக்காகக் கொடுப்பதை அவர் விரும்பவில்லை. பணத்தைக் கொண்டுபோகும் ஆட்களையும் அவர் தாமாகத் தெரிவு செய்யவில்லை. திருச்சபைகள் தெரிவு செய்தவர்கள் கூடவே போனார்கள். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் எம்மேல் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது என்று காரணமும் எழுதுகிறார். திருத்தூதரே சாட்சி வைத்துத்தான் காசை எண்ணினார் என்றால், ஒரு பங்கிலே ஒருவர் தனியே அறைக்குள் இருந்து எண்ணுவதற்கு நியாயம் இல்லை.

இன்னொன்று. அந்தக் காணிக்கையை எருசலேம் ஏற்றுக்கொள்ளுமா என்று பவுலுக்கு அச்சம் இருந்தது. உரோமையர் 15ஆம் அதிகாரத்தில் அதற்காகச் செபிக்கும்படி கேட்கிறார். பிற இனத்தாரின் காசு அது. வாங்கினால் அவர்களைச் சகோதரர் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். வந்து தங்கியிருப்பவர்களின் கையிலிருந்து காணிக்கை வாங்கத் தயங்கும் ஊர்ச்சபைகளுக்கும் இதே சங்கடம்தான். "பாவம், அவையிட்ட என்னத்தை வாங்கிறது" என்பது கேட்க இரக்கமாக இருக்கும். உள்ளே இருப்பது பல வேளைகளில் வேறு. காசு வாங்கினால் பங்குச்சபையில் கதிரையும் கொடுக்கவேண்டும், பெருநாளில் ஒரு நவநாளும் கொடுக்கவேண்டும்.

எந்தப் பங்கு எங்கள் பங்கு?

இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் பலருக்கு இது தெரியாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 102ஆம், 107ஆம் சட்டங்களின்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் உண்மையில் வாழ்ந்தவருக்கு அங்கே பகுதி வாழ்விடம் உண்டாகிறது. ஐந்து ஆண்டு முடிந்தால் முழு வாழ்விடம். அதனால் அந்தப் பங்கின் குருவானவர் அவருடைய பங்குத்தந்தை ஆகிறார். இதற்கு உறுதிக்காணி வேண்டியதில்லை. கொட்டிலில் இருந்தாலும் போதும். சொந்த ஊர்க் கோவில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தாலும் பற்றைக்காடாகக் கிடந்தாலும், தங்கியிருக்கும் இடத்தில் நீங்கள் விருந்தாளிகள் அல்லர்.

இதை ஏன் காணிக்கைப் பாடத்தில் சொல்கிறோம்? ஒரு பங்கிலே, நான்கு ஆண்டுகளாக வந்திருந்த குடும்பமொன்றில் முதியவர் ஒருவர் இறந்தார். சேமக்காலையில் குழி வெட்ட இடம் கேட்டபோது சந்தாப் புத்தகம் எடுக்கப்பட்டது. நான்கு வருடச் சந்தா நிலுவை. மகன் அன்று மாலையே வாரக் கடன்காரரிடம் வாங்கிக் கட்டினார். தகப்பனை அடக்கம் செய்தபின் அந்தக் கடனை அவர் எத்தனை வாரம் கட்டினார் என்பதை அவருடைய மனைவியிடம்தான் கேட்கவேண்டும்.

இது தவறு. மனவருத்தமான செயல் என்று சொல்லி விட்டுவிட முடியாது, சட்டப்படியே தவறு. அடக்கச் சடங்குகளில் ஆள்பார்த்து நடக்கக்கூடாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் மறுக்கப்படக்கூடாது என்று 1181ஆம் சட்டம் சொல்கிறது. வறுமையின் காரணமாக எவரும் அருட்சாதனங்களை இழக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்று 848ஆம் சட்டம் குருக்களுக்குக் கட்டளையிடுகிறது. பூசைக் காசு கொடுக்க முடியாதவரின் கருத்துக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கும்படி 945ஆம் சட்டம் வலியுறுத்துகிறது. சந்தா என்பது பங்கு மக்கள் தாமே ஒப்புக்கொண்ட உதவி. பங்குச்சபை வரி அறவிடும் அதிகாரசபை அன்று. நிலுவை என்ற சொல்லே அங்கே பொருந்தாது. மூப்பர்மார் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களும் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

கடமை இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்பது 222ஆம் சட்டம். வழிபாடு, பணியாளரின் பிழைப்பு, ஏழைகளுக்கான அன்புப்பணி ஆகியவற்றுக்கே அது. ஆனால் பத்திலொன்று என்று ஒரு கணக்கை எமது திருச்சபைச் சட்டம் விதிக்கவில்லை. அவரவர் வசதிக்கேற்ப என்பதே மறைக்கல்வி ஏட்டின் போதனையும்.

விதைநெல்லைக் கொடுக்கவேண்டாம்

கொடுக்கக்கூடாதவை சிலவும் உண்டு. விதைநெல்லைக் கொடுக்கவேண்டாம். அது அடுத்த போகத்தின் சாப்பாடு. கடன்பட்டுக் காணிக்கை செலுத்தவேண்டாம். வட்டிக்கு வாங்கிப் பெருநாள் உபயம் செய்வது கடன்காரனுக்குச் செய்யும் உபயம். பெற்றோரின் மருந்துக்காசை எடுத்துக் கோவிலுக்குப் போடவேண்டாம். கொர்பான் என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள்.

பத்துப் போட்டால் நூறாகத் திரும்பும் என்று சொல்லிக்கொண்டு குடியேற்றக் கிராமங்களுக்கு வரும் போதகர்கள் இருக்கிறார்கள். மலாக்கி நூலின் 3ஆம் அதிகாரத்தை அவர்கள் கையில் பிடித்திருப்பார்கள். அதே அதிகாரத்தில், பத்திலொரு பங்கைக் கேட்பதற்குச் சற்று முன்னரே, கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பவர்களையும் கைம்பெண்ணையும் அநாதையையும் அந்நியனையும் நசுக்குபவர்களையும் ஆண்டவர் குற்றஞ்சாட்டுகிறார். அதையும் சேர்த்து வாசித்துவிட்டு மிச்சத்தைப் பேசட்டும். மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கு ஊரிலேயே வைக்கப்பட்டு நிலமில்லாத லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் கொடுக்கப்பட்டது என்கிறது இணைச்சட்டம் 14. அந்தக் கணக்கின்படி பார்த்தால் எம் வாசகர்களில் பலர் பத்திலொன்று கொடுக்கவேண்டியவர்கள் அல்லர், பெறவேண்டியவர்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? எம் தாய்மாருக்கு இது தெரியும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு முட்டியில் போட்டுவைத்த வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தாலும் மாதத்தில் ஒரு வீட்டில் 1200 கிராம். முப்பது வீடுள்ள ஓர் அன்பியத்தில் 36 கிலோ. பிள்ளை பெற்றவளுக்கும், வேலைக்குப் போகமுடியாமல் காய்ச்சலில் கிடப்பவனின் வீட்டுக்கும், ஆளில்லாத கிழவிக்கும் அது போதும். ஒரு நேரச் சாப்பாட்டையே விடுகிற வீடு பிடியரிசி போடவேண்டாம். அந்த வீட்டுக்குத்தான் முட்டி போகவேண்டும். கிடுகு பின்னத் தெரிந்தவர் கோவில் கூரைக்குக் கிடுகு பின்னட்டும். ஆயினும் உழைப்பு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. மெழுகுதிரிக்கும் மின்சாரப் பட்டியலுக்கும் மறைக்கல்வி ஆசிரியையின் பேருந்துக் காசுக்கும் பணம் வேண்டும். 2009க்குப் பின் வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் பல சில ஆண்டுகளில் திட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டன. திட்டக் காசிலே நடக்கும் கோவில் திட்டம் முடிந்ததும் பூட்டப்படும். இருபது ரூபாவாக இருந்தாலும் தன் கைக்காசில் திரி எரிகிற கோவில்தான் ஊரவருடைய கோவில்.

ஒல்லாந்தர் காலத்தில் எமது திருச்சபைக்குக் காணியும் இல்லை, கட்டிடமும் இல்லை, கோவில்கள் பறிக்கப்பட்டிருந்தன. 1687இல் இலங்கைக்கு வந்த புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரரைப்போலக் கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சென்று, கத்தோலிக்கர் யாரென்று கண்டுகொண்டார். 2015 ஜனவரி 14ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது கூடியிருந்தவர்களின் விசுவாசம், அன்று கதவைத் திறந்து அவருக்குச் சோறு போட்ட வீடுகளாலும் காக்கப்பட்டது. சோறு போட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல்லிலே பெயர் வெட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தால் உயரமான மணிக்கூட்டுக் கோபுரங்கள் எழும்புகின்றன. அன்போடு அனுப்புகிறார்கள், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் அனுப்பியவர் சொன்ன கோபுரம் எழும்ப, கோவில் வளவில் கிணறு இல்லாமல் இருப்பதும் உண்டு. குறித்த நோக்கத்துக்கென்று கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிடவேண்டும் என்பது 1267ஆம் சட்டம். ஆகையால் கொடுக்கும் முன்னரே ஊரில் உள்ளவர்களிடம் எது தேவை என்று கேட்கும்படி உங்கள் பிள்ளைகளுக்கு எழுதுங்கள். ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிப்பதை நிறுத்தினாலே பாதிக் கூச்சம் போய்விடும். வின்சன் டி போல் சபையார் தங்கள் கூட்டங்களில் துணிப்பையைச் சுற்றி அனுப்பி, யார் என்ன போட்டார் என்று தெரியாமல் சேர்ப்பார்கள். தட்டுக்குப் பதிலாக அப்படியொரு பை போதும். பையினுள் வெறுங்கை போய் வெறுங்கை வந்தாலும் எவருக்கும் தெரியாது.

விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என்று 1287ஆம் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது 537ஆம் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவில் கதவிலே ஒரு தாள் ஒட்டினால் போதும்: வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, அதில் ஏழைகளுக்குப் போனது எவ்வளவு. கடைசி வரியைத்தான் சனம் முதலில் வாசிக்கும்.

கலந்துரையாட

எங்கள் அன்பியத்தில் வந்தவர்கள், ஊரவர்கள் என்று இரண்டு வரிசை உண்டா? பங்குச்சபையிலும் நிதிக்குழுவிலும் இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எங்கள் சேமக்காலையில் கடைசியாக அடக்கம் செய்யப்பட்ட, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவரின் குடும்பத்தாரிடம் அன்று என்ன கேட்கப்பட்டது? கேட்டவர் யார்?

கோவில் கதவில் கணக்குத்தாள் ஒட்டப்பட்டிருந்தால் அதை அடுத்த கூட்டத்துக்குப் பார்த்து எழுதி வாருங்கள். ஒட்டப்படாவிட்டால், அதைப் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்பதற்கு இரண்டு பேரை இன்றே தெரிவு செய்யுங்கள். ஒருவர் ஊரவராகவும் மற்றவர் வந்தவராகவும் இருக்கட்டும்.